தேன்குழிப் பள்ளத்து இறால்

"பேப்பர்ல போட்டுட்டா அது நெசமாயிருமாங்ணா? தெரியாமத்தான் கேக்கறேன், போட்டுட்டா நெசமாயிருமா?"

கூடலூரிலிருந்து ஊட்டிக்குக் கிளம்பிய பஸ் மலையின் முதல் வளைவைக்கூட இன்னும் தொடவில்லை. ஜன்னலோரம் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்த பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பக்கத்து இருக்கைத் தனபாக்கியத்தின் விரல் அவருடைய பேப்பரில், போட்டோவில் இருந்த ஒரு ஆளின் மூக்கின் மேல் குத்திட்டு நின்றது. அவள் கால்களுக்கு நடுவில் ஒரு நீல வாளி. வாளியின் வாயில் ஈரச்சாக்கு. சாக்கின் மேல் அவளுடைய இடது கை. பேச்சுக்கு வலது கை ஒன்றே அவளுக்குப் போதும்.

பெரியவர் வீங்கிய கன்னத்தைத் தொட்டுக் காட்டி, உதட்டைக் கொஞ்சமாய்ப் பிரித்து, உள்ளே கடித்திருந்த பஞ்சைக் காட்டினார்.

"பல்லு புடுங்கிட்டாங்களா. நல்லதாப் போச்சு. பேசாம கேளுங்க."

அவர் பெயர் இராஜமாணிக்கம். அருவங்காட்டுத் தொழிற்சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்குக் கூடலூர் வந்த இடத்தில் கடைவாய்ப்பல் உயிரை எடுக்க, காலையில்தான் அதைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். ஊட்டி போகும்வரை பஞ்சை எடுக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இதெல்லாம் தனபாக்கியத்துக்குத் தேவைப்படவில்லை. ஆள் பதில் பேசமாட்டார், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், வெளியே போக வேண்டுமென்றால் அவளையும் வாளியையும் தாண்டித்தான் போக வேண்டும். அவளுக்கு இது போதும்.

பேப்பரில் இருந்தது இதுதான். நீலகிரியில் ஒரே ஒரு காட்டோடையில் மட்டும் வாழ்ந்த அபூர்வ இறால் ஒன்று, கண்டுபிடித்துப் பெயர் வைத்த கையோடு அழிந்துபோய்விட்டதாக அஞ்சப்படுகிறது. இன்று மத்தியானம் ஊட்டியில் அதற்காக ஒரு கூட்டம். சிறப்பு விருந்தினர், அந்த இறாலுக்குத் தன் பெயரையே தந்த மீன் வியாபாரி பாண்டியராஜ். போட்டோவில் பாண்டியராஜ் பொன்னாடை போர்த்தியிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"அழுகறதப் பாருங்க. வெங்காயம் உரிச்சாக்கூட இத்தனை வராது. எறா செத்துப் போச்சாம், இவன் அழுவறானாம். அது சாகவே இல்லீங்ணா."

சாக்கின் ஓரத்தை விலக்கிக் காட்டினாள். வாளிக்குள் நாலு விரற்கடைத் தண்ணீர், பெரணித் தழை, தழைக்கு அடியில் தவிட்டு நிறத்தில் குவியலாக இறால்கள். ஒன்று மட்டும் மேலே ஏறி நின்றது. அதன் இடது கை சாதாரணமாக இருந்தது. வலது கை உடம்பைவிட நீளம், மூட்டில் நீலப் புள்ளி. அந்த நீளக் கையைத் தூக்கி இராஜமாணிக்கத்துக்கு நேராக நீட்டியது. அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

இந்த வாளியைக் கொண்டுபோய்க் கூட்டத்தின் நடுவில், மேடை மேசை மேல், பாண்டியராஜின் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் 'டொப்'பென்று வைக்கப் போகிறாள் தனபாக்கியம். வைத்துவிட்டு, இது என்னுடைய இறால், இதற்கு என் பெயரை வையுங்கள் என்று கேட்கப் போகிறாள். அதற்குத்தான் இன்று கடைக்கு லீவு விட்டு, பீரோவில் இருந்த ஒரே பட்டுச்சேலையை எடுத்துக் கட்டி, அதற்கு மேல் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறாள்.

கண்டக்டர் வந்து வாளிக்கு லக்கேஜ் கேட்டார்.

"எதுக்குங்க லக்கேஜ்? தண்ணிக்கா, எறாவுக்கா? எறாவுக்குன்னா இந்த எறா அழிஞ்சு போச்சுன்னு பேப்பர்லயே போட்டிருக்கான், சார் கையில இருக்குது பாருங்க. இல்லாத சாமானுக்கு எப்படிங்க லக்கேஜ் போடுவீங்க?"

கண்டக்டர் பேப்பரைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், இராஜமாணிக்கத்தின் கன்னத்தைப் பார்த்தார். அங்கே உதவி கிடைக்காது என்று தெரிந்ததும் முன்னால் போய்விட்டார்.

"இப்படித்தான் பேசோணும்," என்றாள் தனபாக்கியம். இப்படிப் பேசத் தெரியாமல் இருந்தபோது அவள் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். எடை போடும் இடத்தில் ஈரத்துக்கென்று ஒரு கழிவு, காம்புக்கென்று ஒரு கழிவு, மேஸ்திரியின் முகச்சுளிப்புக்கென்று ஒரு கழிவு. ஒருநாள் கூடையைத் தராசின் மேலேயே கவிழ்த்துவிட்டு இறங்கி வந்தவள்தான். கோழிக்கோட்டு மீன் லாரிக்காரர்களிடம் அடியும் மிதியும் பட்டுப் பேரம் கற்றாள். இன்று கூடலூர் மார்க்கெட்டில் அவளிடம் விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பிய ஆள் ஒருவரும் கிடையாது. திரும்ப நினைத்தவர்கள் உண்டு, அவள் விட்டதில்லை.

அந்தக் கடைக்குத்தான் கெஸியா வந்தாள். கீழே சமவெளியில் ஏதோ காலேஜில் நண்டு, இறால் என்று படித்துப் பட்டம் வாங்கிய பெண். டாக்டர் என்றார்கள், ஊசி போடாத டாக்டர். மழை ஓய்ந்த ஒரு காலையில் வந்து குந்தி உட்கார்ந்தவள், கடல் மீன் பக்கமே திரும்பாமல், ஓரத்துச் சட்டியில் கிடந்த பொடி இறாலில் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கி, பையிலிருந்து கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"என்னம்மா பாக்கறீங்கன்னு கேட்டேன். தலைக் கொம்புல பல்லு எத்தனை இருக்குதுன்னு எண்ணறேன்னுச்சு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. மீனுக்குச் செவுளத் தூக்கிப் பாப்பாங்க, சரி. எறாவுக்குப் பல்லை எண்ணுவாங்களா? குறை சொல்லி விலையக் குறைக்கத்தான் வழி பாக்குதுன்னு நெனச்சுட்டேன்."

கெஸியா சொன்னதெல்லாம் அவள் காதில் பேரமாகத்தான் விழுந்தது. மற்ற இறாலை விட இதற்குக் கொம்பில் பல் கம்மி என்றாள் கெஸியா; பல் கம்மியென்றால் கடிக்காது, அதற்கு விலை கூட என்றாள் தனபாக்கியம். ஒரு கை சின்னதாகவும் ஒரு கை நீளமாகவும் இருக்கிறது என்றாள். நீளக் கைக்குத் தனியாகக் கேட்கவில்லை, சேர்த்தேதான் தருகிறேன் என்றாள் இவள். முட்டை பெரிது பெரிதாக, எண்ணிக்கையில் கொஞ்சமாக இருக்கிறது என்றாள். கோழிப்பண்ணை முட்டைக்கும் நாட்டுக்கோழி முட்டைக்கும் ஒரே விலையா என்று கேட்டாள் இவள். கெஸியா எதற்கும் குறைத்துக் கேட்கவே இல்லை. அதுதான் தனபாக்கியத்துக்கு முதல் பயம். பேரம் பேசாத ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"கடைசில, இருக்கறதுலயே பெரிய ஆண் எறா ஒண்ணு வேணும்னுச்சு. அதை அப்பத்தான் ஒரு டீச்சரம்மாவுக்கு எடை போட்டுக் கட்டிக் குடுத்திருந்தேன். ஓடிப்போயி அந்தம்மா பொட்டலத்தைப் பிரிச்சு எடுத்தாந்தேங்க. கொழம்புக்குப் போக வேண்டியது. இன்னிக்கு அது சாராயத்துல முங்கிக் கண்ணாடி பாட்டில்ல குந்தியிருக்குது. உலகத்துக்கே அதுதான் அளவாம். இனி எவன் எந்த எறாவப் புடிச்சாலும் அதோட வெச்சுப் பாத்துத்தான் இது அந்த ஜாதியா இல்லையான்னு சொல்லோணுமாம். என்ற தராசுக்குக்கூட அந்த மரியாதை இல்லீங்ணா."

பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்ப, வாளித் தண்ணீர் தளும்பி இராஜமாணிக்கத்தின் பேண்ட்டை நனைத்தது. தனபாக்கியம் தன் முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, இந்த இறால் கடலுக்குப் போய்க் குஞ்சு பொரிக்கிற வகை இல்லை என்பதையும் சொன்னாள். மலைத் தண்ணீரிலேயே பிறந்து அங்கேயே பெருத்து அங்கேயே சாகிற வகை. கெஸியா கண்டுபிடித்ததில் அதுதான் பெரிய விஷயம். "எங்களாட்டமே," என்றாள். அவள் அப்பன் ஆத்தா கீழே சமவெளியிலிருந்து கொழுந்து பறிக்க ஏறி வந்தவர்கள்; அவள் மட்டும் மலையை விட்டு இறங்கியதே இல்லை, கோழிக்கோட்டுக்கு லாரி ஏறிப் போய்ச் சண்டை போட்டு வந்த நாட்களைத் தவிர.

பெயர் வைக்கிற விஷயத்தையும் கெஸியாதான் சொன்னாள். புது ஜாதி என்று உறுதியானால் பெயர் வைப்பார்களாம். முன்னால் ஒரு குடும்பப் பெயர், அது வாயில் நுழையாது. பின்னால் ஒரு பெயர். ஊர் பெயரை வைக்கலாம், ஆள் பெயரை வைக்கலாம். ஆண் பெயர் ஒரு மாதிரி முடியும், பெண் பெயர் ஒரு மாதிரி முடியும். சும்மா ஒரு பேச்சுக்கு, சிரித்துக்கொண்டே, உங்கள் பெயரை வைத்தால் 'தனபாக்கியே' என்று வரும் அக்கா என்றாள்.

இதைச் சொன்னபோது தனபாக்கியத்தின் குரல் ஒரு படி இறங்கியது.

"தனபாக்கியே. எங்கம்மா அப்படித்தாங்க கூப்புடும். கொழுந்துக் காட்டுல மேல் நிரையில இருந்து கீழ் நிரைக்கு. அது செத்ததுக்கப்பறம் ஒருத்தரும் கூப்புடல."

எஸ்டேட் பதிவேட்டில் அவள் ஒரு நம்பர். ரேஷன் கார்டில் தனலட்சுமி என்று தப்பாக இருக்கிறது. திருத்தப் போனவள் அங்கே சண்டை போட்டதில் அப்படியே நின்றுவிட்டது. மார்க்கெட்டில் அவள் மீன்காரம்மா. கடைக்குப் போர்டு கிடையாது. தன் பெயர் எங்கேயாவது எழுதி இருக்க வேண்டும் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை. அன்று இரவு தோன்றியது. பிறகு ஒவ்வொரு நாளும் தோன்றியது. ஒரு இறால், பாட்டிலுக்குள், நூறு வருடம் கழித்தும் தனபாக்கியே.

"அப்பறம் அந்தப் பொண்ணு தேன்குழிப் பள்ளத்துக்குப் போச்சு," என்றாள். "ஏன் போச்சுன்னா... போச்சு. உடுங்க. இப்ப இந்தப் பாண்டியராஜு கதையக் கேளுங்க."

காட்டோடையைத்தான் அந்தப் பக்கம் பள்ளம் என்பார்கள். தேன்குழிப் பள்ளம் காட்டை ஒட்டி, மேட்டில், பாறைக்கு மேல் பாறையாக விழுந்து ஓடுகிற தண்ணீர். பாண்டியராஜ் அங்கேதான் கூடை போட்டு மீன் பிடிப்பான். ஸ்கூட்டரில் பெட்டி கட்டி, வீதி வீதியாக ஹாரன் அடித்து விற்பான். அந்த ஹாரன் சத்தத்திலேயே மத்தி கெட்டுவிடும் என்பது தனபாக்கியத்தின் கருத்து. கடைக்கு வருகிற அவளுடைய வாடிக்கையாளர்களை அவர்கள் வாசலிலேயே போய்ப் பிடித்துவிடுகிறான், முதுகெலும்பு உள்ளவன் ஒரே இடத்தில் உட்கார்ந்துதான் விற்பான் என்று பொருமினாள்.

கெஸியா தேன்குழிப் பள்ளத்தில் போய் இறங்கியபோது இவன் அங்கே காலை நனைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அண்ணா, இந்த இறால் இங்கே கிடைக்குமா என்று பாட்டிலைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். அப்படி ஒரு இறாலை அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை. ஆனால் வியாபாரி. கேட்ட சரக்கை இல்லை என்று சொன்னால் அடுத்த முறை கேட்க ஆள் வராது.

"கிடைக்குங்க மேடம்னு சொல்லியிருக்கான். மழைக்கு முன்னாடி வந்திருந்தா அள்ளிக் குடுத்திருப்பேன்னு சொல்லியிருக்கான். நாலு சீசன் அந்தப் பொண்ணக் கூட்டிக்கிட்டு கல்லு கல்லாப் புரட்டியிருக்கான். ஒண்ணு கெடைக்கல. எப்படிக் கெடைக்கும்? கெடைக்காமயே கை காமிச்சதுக்கு அந்தப் பொண்ணு பாவம் உருகிப்போச்சு. வாழற எடத்தைக் காமிச்சுக் குடுத்தவர்னு சொல்லி எறாவுக்கு அவன் பேரை வெச்சிருச்சு. பாண்டியராஜி. முன்னாடி பேரு வாயில நுழையல. இந்தப் பேரு மட்டும் எப்படி நுழையுது பாருங்க."

நடுவட்டத்தில் பஸ் நின்றது. பாதிப் பேர் டீக்கு இறங்கினார்கள். பின்னால் ஒரு இருக்கை காலியானதைப் பார்த்த இராஜமாணிக்கம் பேப்பரை மடித்து எழப் பார்த்தார். தனபாக்கியம் வாளியை அவர் முழங்காலோடு ஒட்டி நகர்த்தினாள். எங்கே போகிறீர்கள், பல் பிடுங்கிய வாயில் சூடாக டீ குடித்தால் ரத்தம் கட்டாது என்று அக்கறையோடு சொன்னாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

பஸ் மறுபடி கிளம்பியதும் கதையும் கிளம்பியது. பெயர் வைத்து, புத்தகத்தில் ஏறி, பாண்டியராஜ் ஸ்கூட்டர் பெட்டியில் இறால் படத்தைப் பெயிண்ட் அடித்து, பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் பொன்னாடை வாங்கி... அந்தப் பொன்னாடைகளை அவன் மீன் பெட்டியில் ஐஸ் மேல் போர்த்துகிறான், அது வேறு. ஓடைக்கரையில் இங்கே யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று போர்டு வைத்தார்கள். அந்த ஒரு நாள் தனபாக்கியம் வயிறு குளிரச் சிரித்தாள். ஆனால் அவனுக்கென்ன, பேச்சுக்குக் கூப்பிடுகிற இடத்தில் கவர் தருகிறார்கள், சாப்பாடு போடுகிறார்கள். பிறகு பெரிய பெரிய ஆட்கள் வந்து தேன்குழிப் பள்ளத்தை விளக்கடித்து, வலை விரித்துத் தேடினார்கள். ஒன்றுகூட இல்லை. கண்டுபிடித்ததற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"நான் அன்னிக்கு அரைக் கிலோ வித்தேங்ணா. அழிஞ்சு போச்சுன்னு ரேடியோவுல சொல்லறான், நான் இங்க உரிச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கறேன். இரங்கல் தீர்மானம் போட்ட ஆபீசர் ஊட்டுக்கே அன்னிக்கு எறாத் தொக்கு என் கடைச் சரக்கு."

பைக்காரா தாண்டியது. மூடுபனி ஜன்னலில் வந்து மோதியது. இராஜமாணிக்கம் பேப்பரைப் பிரித்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒரு வரியைத் தேடிப் பிடித்து அதன் மேல் விரலை வைத்தார். 'முதல் மாதிரிகள் கூடலூர் சந்தையில் பெறப்பட்டன. அவை தேன்குழிப் பள்ளத்தில் பிடிக்கப்பட்டவை என்று விற்பனையாளர் தெரிவித்தார்.' பிறகு அந்த விரலை எடுத்து, அவளை நோக்கிக் காட்டி, புருவத்தை உயர்த்தினார்.

தனபாக்கியம் அந்த விரலைப் பார்த்தாள். வாளிச் சாக்கைச் சரி செய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"ஆமாங்க. நாந்தான் சொன்னேன். வேற என்னத்தச் சொல்லச் சொல்றீங்க?"

இதில் பொய் என்று ஒன்றும் இல்லை என்று அவருக்கு விளக்கினாள். தொழில் அப்படி. கூடலூரில் ஆற்று மீன் விற்கிற எவளிடமும் எவனிடமும் போய் எங்கே பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். தான் பிடித்த இடத்தைச் சொல்கிறவன் மறுநாள் அங்கே போனால் இவனுக்கு முன்னால் பத்துப் பேர் கூடை போட்டிருப்பார்கள். அதனால் தன் இடத்தைச் சொல்லக் கூடாது. சும்மாவும் இருக்கக் கூடாது; தெரியாது என்றால் வாங்குகிறவள் மூக்கைச் சுளிப்பாள். நல்ல தண்ணீர் ஓடுகிற ஒரு இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த இடம் நமக்குப் பிடிக்காத ஒருவனுடையதாக இருந்தால் இன்னும் நல்லது. யாராவது தேடிப் போனால் அவன் மீன்தான் கலையும். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நீந்தக் கற்றுக்கொள்கிற மாதிரி தானே வருவது. கெஸியா கேட்டாள், எங்கே பிடித்தீர்கள் அக்கா என்று. கேள்வி காதில் விழுவதற்குள் பதில் வாயிலிருந்து போய்விட்டது.

"அந்தப் பொண்ணு அதை எழுதிக்கும்னு நான் கண்டனா? மீன்காரி சொன்ன இடத்தை எவளாச்சும் நெசம்னு எழுதுவாளாங்க? அத்தனை படிச்சிருக்குது, இது தெரிய வேண்டாமா?"

உண்மையில் எங்கே பிடித்தது என்பதை அவள் சொல்லவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதால் இங்கே சொல்லிவிடலாம். ஸ்ரீமதுரைப் பக்கம், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில், தனபாக்கியத்தின் ஓட்டு வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஊற்று. ஊற்றின் வாயில் ஒரு துவைக்கிற கல். அந்தக் கல்லுக்கு அடியில் ஒரு பொந்து. மலைக்குள்ளிருந்து தண்ணீர் சில்லென்று வருவது அந்தப் பொந்து வழியாகத்தான். அதற்குள்தான் இறால்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத இறால்கள். கல்லின் மேல் அவள் துணி துவைப்பாள், பாத்திரம் கழுவுவாள், மீன் கூடை அலசுவாள், அரிசி களைந்த தண்ணீரும் மீன் குடலும் அதன் ஓரத்தில்தான் கொட்டுவாள். அதைத் தின்றுதான் அவை அப்படிப் பெருத்தன. தினம் விடிந்ததும் குந்தி உட்கார்ந்து, பொந்துக்குள் கையை விட்டு அள்ளுவாள். மார்க்கெட்டில் அது காட்டுப் பள்ளத்து இறால்.

ஃபிங்கர்போஸ்ட் வந்தது. ஊட்டி வந்துவிட்டது என்ற தைரியத்தில் இராஜமாணிக்கம் கைக்குட்டையை எடுத்து, பஞ்சை அதில் துப்பி, மடித்துப் பையில் வைத்தார். தாடையை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தார். வழியெல்லாம் அவர் மனசுக்குள் உருட்டிக்கொண்டு வந்த ஒரே கேள்வி வெளியே வந்தது.

"அப்ப நெசமா இது எங்கம்மா பிடிச்சது?"

"நாடுகாணிப் பக்கங்க," என்றாள் தனபாக்கியம். "அடர்ந்த காடு. தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

இராஜமாணிக்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். மேடையில் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். வாளியை வைத்ததும், பெயரைக் கேட்டதும், முதல் கேள்வி இதுதானே. கெஸியா கேட்பாள். நாடுகாணியிலும் ஒரு போர்டு வைப்பார்கள். நாடுகாணியிலும் தேடுவார்கள். அங்கேயும் அழிந்துபோய்விட்டது என்பார்கள்.

உண்மையைச் சொல்லிப் பார்ப்போம் என்று வாயைத் திறந்தாள். "எங்க ஊட்டுக்குப்..." என்று ஆரம்பித்து நின்றது. அதற்கு மேல் நாக்கு புரளவில்லை. வருடக்கணக்கில் ஒரு பக்கமே திரும்பிப் பழகிய நாக்கு. இன்னொரு முறை ஆரம்பித்தாள். "எங்க ஊட்டுக்குப் பின்னால..." இப்போது அது நின்றதற்குக் காரணம் நாக்கு இல்லை. அவள் கண் முன்னால் துவைக்கிற கல்லின் மேல் ஒரு போர்டு நட்டிருந்தது. போர்டுக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு காவல்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொடியில் காயும் அவள் உள்பாவாடைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இனி துணி துவைக்க மனு எழுதிப் போட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, மனு போட்டு ஜெயித்துவிடலாம். டீச்சரம்மா இருக்கிறாளே. ஆபீசர் வீட்டுத் தொக்கு இருக்கிறதே. இத்தனை வருடமாகக் காட்டுப் பள்ளம் காட்டுப் பள்ளம் என்று தின்றவர்களெல்லாம் மார்க்கெட் வாசலில் வரிசையாக நின்று துப்புவார்கள். நடுவில் பாண்டியராஜ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பான்.

பேர் வேண்டுமென்றால் கல்லைக் கொடுக்க வேண்டும். கல் வேண்டுமென்றால் பேரைக் கொடுக்க வேண்டும். அவள் வாழ்க்கையில் பார்த்த பேரங்களிலேயே இடையில் நிற்க இடமில்லாத பேரம் இது ஒன்றுதான். குறைத்துக் கேட்க அங்கே எதிரில் ஆளே இல்லை.

பஸ் ஊட்டி ஸ்டாண்டில் நின்றது. இராஜமாணிக்கம் வாளியைத் தாண்டி, தன் ஸ்வெட்டர் சாக்கில் மாட்ட, அதை உருவிக்கொண்டு இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பேப்பர் இருக்கையிலேயே கிடந்தது. தனபாக்கியம் அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாளியைத் தூக்கி இறங்கினாள்.

ஸ்டாண்டுக்கு வெளியே ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அட்டை பிடித்து ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். இறாலே, மன்னித்துவிடு என்று அட்டையில் எழுதியிருந்தது. முன்னால் ஒரு பிள்ளை ஆரஞ்சுத் துணியில் இறால் வேஷம் போட்டு நடந்தது. இரண்டு கையும் ஒரே நீளம். தனபாக்கியத்துக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. ஒரு கை நீளமாக இருக்க வேண்டும், மூட்டில் நீலம் வேண்டும், அதுகூடத் தெரியாமல் என்ன அழுகை. போய்ச் சொல்லலாம் என்று நாலு எட்டு வைத்தாள். ஊர்வலத்தின் ஓரத்தில் கெஸியா நின்றிருந்தாள். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. அது குளிரா, அழுகையா என்று தெரியவில்லை.

தனபாக்கியம் நின்றாள். அவளைப் பார்த்தால் கெஸியா சிரிப்பாள். அக்கா என்பாள். வாளியைப் பார்ப்பாள். பிறகு அந்தக் கேள்வி.

அவள் திரும்பி, ஸ்டாண்டுச் சுவர் ஓரமாகப் போய், வாளியைக் கீழே வைத்து, பட்டுச்சேலையைச் சுருட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். நீளக் கை இறால் இன்னும் மேலே ஏறித்தான் நின்றுகொண்டிருந்தது. அதன் கொம்பை விரலால் தடவினாள். பல் கம்மிதான். "தனபாக்கியே," என்று அதனிடம் சொல்லிப் பார்த்தாள், பக்கத்தில் யாருக்கும் கேட்காத அளவுக்கு. அது அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. அதை மட்டும் எடுத்து, ஈரச்சாக்கின் மூலையில் பெரணி வைத்துச் சுற்றித் தனியாக வைத்தாள். அது கல்லுக்கு அடியில் திரும்பிப் போகும்.

தலையில் மப்ளர் கட்டிய ஒரு அம்மாள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். ஆற்று இறாலா, உயிரோடு இருக்கிறதே, எங்கே பிடித்தது என்று கேட்டாள்.

தனபாக்கியம் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு கக்கத்திலிருந்து பேப்பரை எடுத்து, பாண்டியராஜின் முகம் மேலே வருகிற மாதிரி உதறி விரித்தாள்.

"தேன்குழிப் பள்ளத்துதுங்க. பாண்டியராஜி எறான்னு பேரு, வேற எங்கயும் கெடைக்காது. பேப்பர்லயே போட்டிருக்கான் பாருங்க."

அந்த அம்மாள் படித்துப் பார்த்தாள். விலையைக் கேட்டாள். விலையைக் கேட்டதும், கொஞ்சம் குறைத்துக் கொடுக்கக் கூடாதா என்றாள்.

தனபாக்கியம் இரண்டு கையாலும் அள்ளிப் பேப்பரின் நடுவில் போட்டாள். ஈரம் ஊறி, பாண்டியராஜின் பொன்னாடை கரைந்து, கண் கரைந்து, மூக்கும் கரைந்துகொண்டிருந்தது.

"அழிஞ்சு போன எறாங்க இது. அழிஞ்சு போனதுக்கு எவனாச்சும் விலை குறைப்பானா?"